குளிசையும் தண்ணீரும்

மரியநாயகி இறந்த நான்காம் மாதம் நான் அஞ்சலீனா வீட்டுக்குக் கிழங்கு உரிக்கப் போகத் தொடங்கினேன். அவள் என் மனைவி. இருந்தவரை அந்த வேலை அவளுடையது.

ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அஞ்சலீனாவின் வீடு. ரோல்ஸும் பற்றிஸும் கட்லட்டும் செய்து ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பாள். விடிவதற்கு முன்னரே கிழங்கு அவிந்து இறங்கிவிடும். மரியநாயகி சூட்டோடு சூடாக உரித்து மசிப்பாள். அஞ்சலீனா தாச்சியில் மாவை வார்த்து ரோல்ஸுக்குத் தோல் சுடுவாள். பிறகு இருவருமாகக் கறி வைத்துச் சுற்றி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டி அடுக்குவார்கள். கடை திறக்கிற நேரத்துக்கு யேசுரட்ணம் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான்.

யேசுரட்ணம் அஞ்சலீனாவின் கணவன். மரியநாயகி இறந்தது அவன் ஓட்டிய வானில்தான். நான் முன் இருக்கையில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு விலா எலும்பு முறிந்ததோடு போயிற்று. அவனுக்கு நான்கு வருடச் சிறை.

ஊரில் என்றால் இப்படி ஒரு சாவுக்குப் பிறகு இரண்டு குடும்பமும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளாது. இங்கும் கதைக்காமல் விடவில்லை. மரக்கறிக் கடையில் ஒருவன் கேட்டான்.

"குலம் அண்ணை, கேள்விப்பட்டது மெய்யே? அந்த வீட்டுக்கோ போறியள்?"

"ஓம்."

"என்னத்துக்கு?"

"கிழங்கு உரிக்க."

அவன் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கத்தரிக்காய்ப் பெட்டியை அடுக்கத் தொடங்கினான். விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். எனக்கும் சரியான விளக்கம் இருக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குக் காலைப்பொழுது நீளமானது. வீட்டில் அவளுடைய செருப்பு, அவளுடைய மூக்குக்கண்ணாடி, அவளுடைய பாதி முடிந்த தைலப் போத்தல். அஞ்சலீனாவின் குசினி அடுப்படியில் மட்டும் அவள் இல்லாதது ஒரு வேலை குறைந்ததாகத் தெரிந்தது. குறைந்த வேலையைச் செய்யலாம். மற்றதற்கு நான் என்ன செய்வது?

முதல் நாள் நான் கதவைத் தட்டியபோது அஞ்சலீனா உள்ளே விட்டாள். கிழங்குச் சட்டியை என் முன்னால் வைத்தாள். அரை மணித்தியாலம் கழித்துத்தான் வாய் திறந்தாள்.

"அண்ணை, பாதிக் கிழங்கு தோலோடை போகுது."

"கை சுடுகுதம்மா."

"அக்கா எப்பிடித்தான் உங்களை வைச்சுச் சமாளிச்சாவோ!"

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டு நின்றாள். பிறகு தாச்சிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். யன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பின்வளவில் யாரோ எடுக்க மறந்த துவாய் கொடியில் நனைந்து தொங்கியது. நான் அடுத்த கிழங்கை எடுத்தேன்.

அதன் பின் தினமும் போனேன். அஞ்சலீனா வேலை செய்துகொண்டே புருசனை ஏசுவாள். அது அவளுக்கு ஒரு செபமாலை மாதிரி.

"நித்திரை வந்தா ஓரமா நிப்பாட்டிப் படுக்கிறதுதானே அண்ணை? நான் ஒருநாளும் அந்தாளை ஓடு ஓடு எண்டு கலைச்சனானோ? டிவிக்கு முன்னாலை குந்தினா அடுத்த நிமிசம் குறட்டை. எனக்குத் தெரியும் அந்த நித்திரை. அந்த நித்திரைதான் அக்காவைக் கொண்டது."

நான் ஆமென்றும் சொல்லமாட்டேன், இல்லையென்றும் சொல்லமாட்டேன். நித்திரை வந்தது தெரிந்தும் தொடர்ந்து ஓட்டினேன் என்று யேசுரட்ணமே பொலிசுக்குச் சொன்னான். நீதிமன்றத்திலும் எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பொலிசார் என்னிடம் வேகத்தைப் பற்றிக் கேட்டார்கள், போன் கதைத்தானா என்று கேட்டார்கள். சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

*

அந்த விபத்து நடந்தது ஜூலை மாதம். வருடாவருடம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வால்சிங்காம் மாதாவிடம் போகிற யாத்திரை. நான் பிறப்பால் சைவக்காரன். மரியநாயகியைக் கட்டிய பின் எந்தக் கோயிலுக்கும் ஒழுங்காகப் போகவில்லை. அவள் போகிற இடமெல்லாம் பைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். அவ்வளவுதான் என் சமயம்.

அஞ்சலீனா பங்குப் பெண்களோடு பஸ்ஸில் முன்னதாகப் போய்விட்டாள். சாப்பாட்டுத் தட்டுகளோடு வானில் நாங்கள் மூன்று பேர். நல்ல வெயில். வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினோம். மரியநாயகி பின்னால் இருந்தபடியே பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு ரோல்ஸ் நீட்டினாள். நான் வாங்கினேன். யேசுரட்ணம் நீரிழிவுக்காரன். கையை மடக்கிக்கொண்டான்.

"எனக்கு வேண்டாம் அக்கா. இண்டைக்கு ஒருசந்தி. பூசையிலை நன்மை அப்பம் எடுத்தாப்பிறகுதான் சாப்பாடு."

"சீனி வருத்தக்காரனுக்கு என்ன ஒருசந்தி? குளிசை போட்டனியோ?"

"ஓம், காலமை போட்டனான்."

"குளிசை போட்டா சாப்பிடவேணும் யேசு. வெறும் வயித்திலை அது ஆளைக் கவிழ்த்துப்போடும். எனக்கும் அதே குளிசைதானே, எனக்குத் தெரியும்."

"குளிசையும் தண்ணியும் ஒருசந்தியை முறிக்காது அக்கா. அஞ்சலீனா பங்குச் சுவாமியிட்டையே கேட்டவள். அது திருச்சபைச் சட்டமாம்."

"உன்ரை சட்டத்தைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடு. இந்தா, பாதியாவது கடி."

"மாதாவுக்கு நேந்தது அக்கா. இன்னும் ஒரு மணித்தியாலம்தானே."

மரியநாயகி பாதி ரோல்ஸைத் தானே கடித்துக்கொண்டாள். "பிடிவாதக்காரன்," என்றாள் என்னிடம். அதுதான் நான் கேட்ட அவளுடைய கடைசிச் சொல். பிறகு செபமாலையை எடுத்துவிட்டாள்.

இரண்டு பக்கமும் பார்லி வயல். யேசுரட்ணத்தின் நெற்றி வியர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். ஏதோ கேட்டேன், அவன் குழறிப் பதில் சொன்னான். கொட்டாவி விட்டான். வான் ஒரு அவசரமும் இல்லாமல், வீட்டு வாசலுக்குத் திரும்புவது போல, வீதியை விட்டு விலகிப் போய் மரத்தில் மோதியது.

என்னைப் புல்லில் கிடத்தியிருந்தார்கள். அம்புலன்ஸ்காரர் யேசுரட்ணத்தின் விரலில் ஊசியால் குத்திப் பார்த்ததும், மற்றவரிடம் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி, அவன் வாயைத் திறந்து உள்ளே பசை போல எதையோ தேய்த்ததும் நான் கண்டது. அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது மரியநாயகி இறந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது.

*

அனோஜினி அஞ்சலீனாவுக்கும் யேசுரட்ணத்துக்கும் ஒரே மகள். ஹவுன்ஸ்லோவில் மருந்தகத்தில் வேலை. மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கைக்குழந்தையோடு வந்தாள். தாய் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "குலம் மாமா, பிள்ளைக்குக் காத்து வேணும், ஒருக்கா வாங்கோ," என்று என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

வான்ஸ்டெட் புல்வெளியில் காற்று காதை அறுத்தது. ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும் தவிர யாரும் இல்லை. அவள் தள்ளுவண்டியைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினாள்.

"ஜெயிலிலை அப்பாவின்ரை மருந்தை மாத்தவேணும் எண்டு பழைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எடுத்தனான் மாமா. அக்சிடென்ட் நடந்த நேரம் அவரின்ரை சுகர் அடிமட்டத்திலை கிடந்திருக்கு. அது நித்திரை இல்லை. மயக்கம். அண்டைக்கு அவர் என்ன சாப்பிட்டவர்?"

"ஒண்டும் இல்லை பிள்ளை. ஒருசந்தி."

"என்ன?"

"பூசை முடியத்தான் சாப்பாடு எண்டவன். மரியநாயகி ரோல்ஸ் நீட்டினவள், அவன் வேண்டேல்லை."

"ஏன்? என்னத்துக்கு?"

நான் தள்ளுவண்டியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவளுக்கு இரண்டு தரம் கரு தங்காமல் போனது. மூன்றாம் தரம் அஞ்சலீனா மாதாவிடம் நேர்ந்தாள்: பிள்ளை சுகமாகப் பிறந்தால் தகப்பன் பச்சைத்தண்ணியோடு வால்சிங்காமுக்கு வந்து நன்மை எடுப்பார் என்று. தானும் ஒருசந்திதான். ஆனால் தகப்பன் பிடித்தால்தான் நிறைவு என்று அஞ்சலீனாவுக்கு எண்ணம். அதைச் சொன்னேன்.

"அம்மா அவருக்காக நேந்தவாவோ?" என்றாள் அனோஜினி. "அவரைக் கேக்காமலோ?"

"கேட்டிருந்தாலும் ஓமெண்டுதான் சொல்லியிருப்பான்."

"அப்ப அவர் ஏன் பொலிசுக்கு நித்திரை எண்டு சொன்னவர்? ஆஸ்பத்திரியிலை டொக்டர் கட்டாயம் அவரிட்டைச் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியும் மாமா. தெரிஞ்சு கொண்டுதான்..."

குழந்தை விழித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஒருசந்தி தெரியும். அதாலைதான் எண்டு தெரியாது. நித்திரை எண்டுதான் ஒவ்வொரு நாளும் ஏசுறா."

"நான் அப்பீல் போடப்போறன்," என்றாள் அவள்.

*

சிறையில் அவனைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைப்பது இலகுவாக இருக்கவில்லை. இறந்தவளின் கணவன் என்பதால் கனக்க யோசித்தார்கள். போன அன்று யேசுரட்ணம் எழுந்து நின்றான். நான் உட்காரும் வரைக்கும் உட்காரவில்லை. மெலிந்திருந்தான். பக்கத்து மேசையில் ஒரு சின்னப் பெண் தகப்பனுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டைப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, அனோஜினிக்கு நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு இந்த அப்பீல் வேண்டாம்."

"ஏன் பொய் சொன்னனீ யேசு?"

அவன் மேசையைப் பார்த்தான்.

"என்னத்தைச் சொல்லச் சொல்லுறியள்? மாதாவுக்கு நேந்து கவிண்டிட்டன் எண்டோ? மாதாவைக் கூண்டிலை ஏத்திக் கேள்வி கேப்பினம். அதை விடுங்கோ. அவா தாங்குவா. அஞ்சலீனா?" குரலைத் தாழ்த்தினான். "நேந்தது அவள். சுவாமியிட்டைக் கேட்டு வந்தவள் அவள். விடியப்புறம் பஸ்ஸுக்கு வெளிக்கிடேக்கை என்னை எழுப்பிக் குளிசையைக் கையிலை தந்ததும் அவள்தான். நாயகி அக்கா அவளுக்கு ஒரு வயித்திலை பிறக்காத சகோதரி அண்ணை. நான் உண்மையைச் சொன்னா, அவள் என்னெண்டு அந்தக் குசினியிலை நிப்பாள்?"

"நாலு வருசம் யேசு."

"எனக்கு நாலு வருசம். அவளுக்கு எவ்வளவு எண்டு ஆர் சொல்லுவினம்?"

அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நீங்கள் என்னை மன்னிக்கவேண்டாம். நான் கேக்கவுமில்லை. சாப்பிட்டிருக்கலாம். அக்கா நீட்டினவா. கண்ணை மூடினா அந்தக் கைதான் வருது."

ஆனாலும் அப்பீல் தாளில் கையொப்பம் வைத்தான். காரணம் அஞ்சலீனா. அடுத்த சந்திப்பில் அவள் மேசையில் தலையை வைத்து அழுதிருக்கிறாள். "பிள்ளை கெஞ்சுறாள், ஒருக்கா சைன் வையுங்கோ. என்ன அப்பீலோ எனக்குத் தெரியாது, ஆனா நீங்கள் வராட்டி நான் என்ன செய்யிறது?" மறுப்பதென்றால் ஏன் என்று அவளுக்குச் சொல்லவேண்டும். அதற்குப் பயந்து வைத்தான். மகளிடம் மட்டும் ஒரு நிபந்தனை சொன்னான். தாய்க்கு விசயம் போகக்கூடாது. நீதிமன்றத்துக்குக் கூட்டி வரக்கூடாது.

பாரிஸ்டர் நடுவயதுப் பெண். ஒளிக்காமல் பேசினாள். அனோஜினி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அப்பீல் கோட் வழக்கைத் திரும்ப நடத்தாதாம் மாமா. ஜட்ஜ்மார் கேக்கிறது ஒண்டுதானாம்: அந்தத் தீர்ப்பை நம்பி விடலாமோ, விடேலாதோ. அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டவர். சொலிசிட்டர் வைச்சு, எல்லாம் விளங்கி ஒப்புக்கொண்டவர். அப்பிடிச் சொன்னதை இழுத்தெடுக்கிறது பெரிய கஷ்டமாம்."

"அப்ப ஆஸ்பத்திரி ரிப்போர்ட்?"

"அது அப்பவும் இருந்தது. பழைய சொலிசிட்டர் அதைப் பற்றிக் கேட்டவராம். 'நான் சாப்பிட்டனான், நித்திரைதான்' எண்டு அப்பா சொல்லியிருக்கிறார். அப்ப கையிலை இருந்ததை விட்டுப்போட்டு, இப்ப புதுசாக் கண்டுபிடிச்சனாங்கள் எண்டு கொண்டுவரேலாதாம். உங்கடை சாட்சி வேணும். சாப்பிடேல்லை எண்டதுக்கு வேறை ஆரும் இல்லை."

பாரிஸ்டர் என்னைப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னாள். அனோஜினி சற்றுத் தயங்கினாள்.

"இன்னொண்டும் சொல்லுறா. மயக்கம் தானா வந்தாத்தான் மன்னிப்பாம். குளிசை போட்டாச் சாப்பிடவேணும் எண்டு தெரிஞ்சுகொண்டும் சாப்பிடாமல் வான் ஓடினா, அது தானா வரவழைச்ச மயக்கம். அதுக்குச் சட்டத்திலை மன்னிப்பு இல்லை. அப்பாவுக்கு அது அவ்வளவு விளங்கேல்லை எண்டு நாங்கள் காட்டவேணும்."

*

வழக்கு நாளன்று காலை அஞ்சலீனா அடுப்பை மூட்டவில்லை. நான் போனபோது பூசைக்குக் கட்டுகிற சேலையில், மேலே குளிர்க் கோட்டோடு வாசலில் நின்றாள்.

"அம்மா, நீங்கள் வரவேண்டாம். அங்கை எல்லாம் இங்கிலீசு," என்றாள் அனோஜினி.

"என்ரை புருசன்ரை வழக்குக்கு நான் போகாமல் பக்கத்து வீட்டுக்காரியோ போறது? விளங்காட்டிச் சும்மா இருக்கிறன்."

எலிசபெத் லைன் ரயிலில் மூவரும் பேசாமல் போனோம். ஸ்ட்ரான்டில் நீதிமன்றக் கட்டடம் ஒரு பெரிய தேவாலயம் போலத்தான் இருந்தது. மழையில் கறுத்த கல். வாசலில் அஞ்சலீனா தன்னை அறியாமல் சிலுவை போட்டாள்.

மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்தவர் ஒரு அம்மா, வெள்ளை முடி, மெதுவான குரல். யேசுரட்ணம் சிறையிலிருந்து திரையில் தெரிந்தான். அறையில் இருந்த கமெரா எங்கள் பக்கம் திரும்பவில்லை. அஞ்சலீனா வந்திருப்பது அவனுக்குத் தெரியாது. எனக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் கூண்டில் ஏறியதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் தமிழில் பேசினால் அஞ்சலீனாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். காலையில் அவளை வாசலில் கண்டபோதே முடிவெடுத்திருந்தேன். என்னுடையது முப்பது வருடமாகப் பஸ் டிப்போவில் பேசின இங்கிலீசு. கேள்வி விளங்கும். பதில் சொல்லும்போது காலமும் ஆளும் ஒன்றோடொன்று முட்டும்.

நடுவில் இருந்த நீதிபதி இரக்கமாகக் கேட்டார். "திரு குலசேகரம், இது உங்களுக்கும் மிகக் கடினமான நாள். உங்கள் மொழியில் சொல்வது இலகுவாக இருக்கும் அல்லவா?"

"நோ மேடம். இங்கிலிஷ் ஓகே."

பெற்றோல் நிலையத்தைச் சொன்னேன். ரோல்ஸைச் சொன்னேன். அவன் வாங்காததைச் சொன்னேன். வியர்வை, குழறல், விரலில் குத்திய ஊசி. எங்கள் பாரிஸ்டர் தலையசைத்துக்கொண்டு இருந்தாள். அனோஜினியின் கை மடியில் இறுகியிருந்தது. அஞ்சலீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அரசுத்தரப்புப் பாரிஸ்டர் எழுந்தான். இளைஞன். மரியாதையாகவே கேட்டான்.

"அவர் உணவை மறுத்தபோது யாராவது ஏதாவது சொன்னார்களா?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். என்னைத் தவிர அங்கே இருந்தது இரண்டு பேர். ஒருத்தி இறந்துவிட்டாள். மற்றவன் வாய் திறக்கமாட்டான்.

"என் மனைவி சொன்னாள்," என்றேன்.

"என்ன சொன்னார்?"

"குளிசை போட்டால் சாப்பிட வேண்டும் என்று சொன்னாள். சாப்பிடாவிட்டால் ஆளைக் கவிழ்த்துப்போடும் என்று சொன்னாள். பாதியாவது கடி என்று சொன்னாள்."

"அது அவருக்கு விளங்கியதா?"

"விளங்கியது."

எங்கள் பாரிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

நீதிபதிகள் உள்ளே போய், தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் திரும்பி வந்தார்கள். அந்த அம்மா வாசித்தார். ஒருவர் தெளிந்த மனதோடு, சட்ட ஆலோசனை பெற்று, தன் வாயால் ஒப்புக்கொண்ட குற்றத்தை இன்னொரு கதையோடு வந்து விலக்கிக்கொள்ள இந்த மன்றம் இடம் கொடுப்பதில்லை. இன்று காட்டப்பட்ட மருத்துவச் சான்று அன்றும் இருந்தது. அதை ஒதுக்கியது அவருடைய சொந்தத் தெரிவு. அதற்கு மேலும், திரு குலசேகரம் மிக நேர்மையாகச் சொன்னபடி, இறந்தவரே தம் வாழ்வின் கடைசி மணித்தியாலத்தில் இவரை எச்சரித்திருக்கிறார். எச்சரிக்கையை அறிந்தும் ஓட்டியவருக்குத் திடீர் மயக்கம் என்ற எதிர்வாதம் கிடையாது. தீர்ப்பில் ஐயமில்லை. மேன்முறையீடு தள்ளுபடி.

திரையில் யேசுரட்ணம் தலை குனிந்து நன்றி சொன்னான். அந்த நன்றி அந்த அறையில் எனக்கும் அவன் மகளுக்கும் மட்டும்தான் விளங்கியது என்று நினைத்தேன்.

வெளியே தாழ்வாரத்தில் அனோஜினி என்னைத் தனியே இழுத்தாள்.

"மாமா, அதை நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அது அவள் கடைசியாச் சொன்ன புத்தி பிள்ளை."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நானும் அன்றுதான் முதன்முதலாக அழுதேன். செத்த வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை.

குழந்தையை வைத்திருந்தவளிடமிருந்து போன் வந்ததால் அனோஜினி நேரே ஹவுன்ஸ்லோவுக்குப் போனாள். நானும் அஞ்சலீனாவும் திரும்பினோம். ஃபாரஸ்ட் கேட்டில் இறங்கி நடக்கும்போது மழை விட்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் நடைபாதையை அடைத்துக்கொண்டு போனார்கள். தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் அவள் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு திறக்காமல் நின்றாள்.

"அண்ணை, அக்கா நீட்டின ரோல்ஸ் மாட்டிறைச்சியோ, மரக்கறியோ?"

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

"அண்டைக்கு ரெண்டும் சுத்தினனாங்கள். ஒருசந்திக்காரருக்கு இறைச்சி குடுக்கமாட்டா அவா. மரக்கறியாத்தான் இருக்கும்."

"அஞ்சலீனா, உமக்கு எப்பிடி..."

"இருபத்தாறு வருசமாக் கடைக்காரரோடையும் கவுன்சில்காரரோடையும் நான் என்ன பாசையிலை அண்ணை கதைக்கிறன்? மகளுக்கு நான் இண்டைக்கும் பிளேனாலை இறங்கின பொம்பிளைதான்." அவள் குரல் சாதாரணமாகவே இருந்தது. "உங்கடை இங்கிலீசு எங்கடை இங்கிலீசு. மற்ற ஆக்களின்ரையை விட உங்கடைதான் எனக்கு நல்லா விளங்கிச்சுது."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஈரம் கால்சட்டையில் ஊறியது. அவளும் பக்கத்தில் இருந்தாள், சேலை நனைவதைப் பாராமல்.

"சுவாமியிட்டைக் கேக்கேக்கை நான் குளிசை முறிக்குமோ எண்டுதான் கேட்டனான். வருத்தக்காரர் ஒருசந்தி பிடிக்கலாமோ எண்டு கேக்கேல்லை. அவர் ஒரு கூட்டத்துக்கு நடுவிலை நிண்டு, ஆருக்கு எண்டும் தெரியாமல், முறிக்காதெண்டு சொன்னவர். பேந்து, யாத்திரைக்கு முன்னம் ஒரு நாள் பிரசங்கத்திலை சொல்லுறார், வருத்தக்காரருக்குச் சட்டமே இல்லையாம். அவை சாப்பிடலாமாம். அண்டைக்கு நான் கோயிலிலை இருந்து பக்கத்திலை இருந்தவளோடை என்ன கறி எண்டு கதைச்சுக்கொண்டிருந்தனான் அண்ணை. எனக்கு ஒண்டும் உறைக்கேல்லை."

"நீர் தெரிஞ்சு செய்யேல்லை."

"கோட்டிலை அதுதானே கேக்கினம். தெரிஞ்சோ, தெரியாமலோ." அவள் மூக்கைத் துடைத்தாள். "அந்தாளுக்கு என்னத்துக்கு அந்தப் பொய் எண்டு இப்ப விளங்குது. நான் ஒவ்வொரு நாளும் ஏசினன். அந்த ஏச்சையும் வாங்கிக்கொண்டு அங்கை இருக்குது."

பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது நலமா என்று கேட்டார். ஓம் என்று இருவரும் தலையாட்டினோம்.

"அண்ணை, ஒண்டு கேப்பன். எனக்குத் தெரியுமெண்டு அவருக்குத் தெரியக்கூடாது. அனோஜினிக்கும் வேண்டாம். அவள் வாயை வைச்சுக்கொண்டு இருக்கமாட்டாள்."

"சரி."

"நீங்கள் என்னை..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. நான் சொன்னேன், "விடியக் கிழங்கு அவிக்கிறதோ, இல்லையோ?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவிக்கத்தானே வேணும்," என்றாள்.

அடுத்த வாரம் சிறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். யேசுரட்ணம் முதலில் என்னைத்தான் பார்த்தான். அவளுக்குத் தெரியுமா என்ற கேள்வி முழுவதும் கண்ணில் இருந்தது. அஞ்சலீனா தாமதிக்காமல் தொடங்கினாள்.

"நானும் கோட்டுக்கு வந்தனான் தெரியுமோ?"

அவன் முகம் வெளுத்தது. "நீரோ? என்னத்துக்கு வந்தனீர்? என்ன சொன்னவை?"

"எனக்கென்ன விளங்குது? மூண்டு பேர் இருந்தினம். அண்ணை இங்கிலீசிலை என்னவோ குழப்பினார், அந்த அம்மாவே பாவப்பட்டுப் போனா. கடைசியிலை சரிவராதாம் எண்டு மகள் சொன்னாள். அவ்வளவுதான் தெரியும்."

அவன் மெல்ல மூச்சு விட்டான். தோள்கள் இறங்கின. மெசினில் வாங்கிய பணிஸை அவள் இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவன் கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்கோ. இன்னும் கொஞ்சக் காலம்தானே, கண்ணை மூடித் திறக்க ஓடிப்போயிடும். ஆனா வெளியாலை வந்தாப்பிறகு சொல்லிப்போட்டன், வான் ஓடேக்கை நித்திரை வந்தா ஓரமா நிப்பாட்டிப் படுக்கவேணும். கேட்டுதோ? அந்த நித்திரையாலை பட்டது போதும்."

"ஓம்," என்றான் யேசுரட்ணம். "இனி நிப்பாட்டுவன்."

என்னைப் பார்த்துச் சிரித்தான். கைது செய்யப்பட்ட பிறகு அவன் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தரம். மூன்று நீதிபதிகளும் மாற்றாமல் விட்ட தீர்ப்பின்படி, அவன் நித்திரை கொண்டுதான் என் மனைவி இறந்தாள். நானும் சிரித்தேன். அஞ்சலீனா மேசையில் விழுந்த பணிஸ் துகள்களை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள், அவன் கடைசி வாயையும் விழுங்கும் வரைக்கும்.